சார்ஜர் மறுக்கும்போது

ரேடியோ அலையால் இயங்கும் சிறு மோட்டார் வண்டிகளை ஓட்டி மகிழும் கூட்டத்தில், மோட்டாரின் வேகத்தைப் பற்றியும், டயரின் மென்மையைப் பற்றியும், ஷாக் அப்சார்பருக்குள் ஊற்ற வேண்டிய எண்ணெயின் கனத்தைப் பற்றியும் பொழுது சாயும் வரை தர்க்கம் செய்யக்கூடிய மேதாவிகள் அநேகர் உண்டு. ஆனால் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று யாராவது வாய் திறந்த மாத்திரத்தில், அந்த மேதாவிகள் அனைவரும் விசாரணையே இல்லாமல் ஒரே தீர்ப்பை வழங்கிவிடுகிறார்கள்: சார்ஜர் போய்விட்டது, புதிதாக வாங்கு. இந்தத் தீர்ப்பு சரியாக அமைவது அபூர்வம் என்பது என் அபிப்பிராயம். சார்ஜர் சுபாவத்திலேயே சந்தேகம் மிகுந்த உபகரணம். பேட்டரியை அளந்து பார்த்துத் திருப்தி ஏற்பட்டாலொழிய அது மின்சாரத்தை விடாது. விட்ட பிறகும் நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்துகொண்டே இருக்கும். மறுப்பது அதன் உத்தியோகத்தில் பாதி. ஏன் மறுக்கிறது என்று நிதானமாகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டு போனால், பெரும்பாலும் அது சொன்னதுதான் மெய் என்று முடியும்.

எதை ஏற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு தொடங்குவது உத்தமம். 1976-ஆம் ஆண்டில் ஜப்பானிய தமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் ரேடியோ மாதிரியை வெளியிட்டு இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய வாசல் ஒன்றைத் திறந்துவிட்ட பிறகு, எண்பதுகளில் ஆறு நிக்கல் காட்மியம் செல்களை வரிசையாகக் கோத்த 7.2 வோல்ட் பேட்டரி வழக்கத்துக்கு வந்தது. காட்மியத்தின் விஷத்தன்மை காரணமாகவும், அதைவிட அதிகக் கொள்ளளவு கிடைத்த காரணத்தாலும் அந்த இடத்தை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பிடித்தது. அதையும் ஓரம் தள்ளிவிட்டு இப்போது கோலோச்சுவது லித்தியம் பாலிமர், அதாவது நம் கூட்டத்தார் லிப்போ என்று செல்லமாக அழைப்பது. ஆயினும் நிக்கல் மறைந்துவிடவில்லை. முதல் வண்டி வாங்குகிறவர்களின் பெட்டிக்குள் இன்றும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்விரண்டும் நிரம்பிவிட்டன என்பதைச் சார்ஜர் அறிந்துகொள்ளும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. லிப்போ செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, குறித்த ஆம்பியரைச் சீராகச் செலுத்திக்கொண்டே போய், செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த உச்சியைத் தாண்டவிடாமல் பிடித்து வைத்து, ஆம்பியர் தானாகவே குறைந்து சொற்பமாகும் வரை காத்திருந்து சார்ஜர் முடித்துக்கொள்கிறது. நிக்கல் செல்லின் பெயரளவு 1.2 வோல்ட்; அதற்கு அப்படிப்பட்ட உறுதியான எல்லை கிடையாது. நிரம்பும் தறுவாயில் அதன் வோல்டேஜ் ஓர் உச்சிக்கு ஏறி, பிறகு செல் ஒன்றுக்குச் சில மில்லி வோல்ட் மட்டும் சரியும். அந்த நுண்ணிய சரிவைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பதே சார்ஜரின் சாமர்த்தியம். ஒன்றில் ஆம்பியர் குறைவதைக் கண்டு நிற்கிறது, மற்றொன்றில் வோல்டேஜ் சரிவதைக் கண்டு நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சங்கடங்களில் பாதி தாமாகவே அவிழும்.

விசாரணையைப் பேட்டரியிலிருந்து தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்குவது என் வழக்கம். ஐமேக்ஸ் பி6 என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய சிறு சார்ஜரையும் அதன் வழிவந்த எண்ணற்ற உறவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 50 வாட் வரை, 5 ஆம்பியர் வரை தரவல்லது, ஆனால் தனக்கு வேண்டிய 12 வோல்ட்டை வெளியிலிருந்து வாங்குகிறது. நம் வீடுகளிலோ, பழைய ரவுட்டருக்கு வந்த 12 வோல்ட் அடாப்டர் ஒன்று மேஜை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது; பின் பொருந்துகிறதே என்று அதைச் செருகிவிடுகிறோம். அதன் முதுகில் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது தரக்கூடியது 24 வாட்தான். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆம்பியர் ஏற ஏற அடாப்டர் திணறும். உள்ளே வரும் வோல்டேஜ் 11-க்குக் கீழே விழுந்ததும் சார்ஜர் கூவிவிட்டு நின்றுபோகும், அல்லது திரை அணைந்து மறுபடி எரியும். இதைக் கண்டு பேட்டரியின்மேல் பழி போடுவது அநியாயம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர் ஒன்று இந்த வியாதியை அடியோடு தீர்த்துவிடும். 5 ஆம்பியர் வைத்தேன், 4-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது என்று மூன்று செல் லிப்போ வைத்திருப்பவர்கள் முறையிடுவதிலும் மர்மம் ஏதும் இல்லை. மூன்று செல்லின் உச்சி 12.6 வோல்ட், 50 வாட்டை அதனால் வகுத்தால் வருவது ஏறக்குறைய 4 ஆம்பியர்.

அடுத்தபடி, நாமே போட்டுவைத்து மறந்துபோன கட்டளைகள். இவ்வகைச் சார்ஜர்களில் பாதுகாப்புக் கருதி ஒரு கால வரம்பும் ஒரு கொள்ளளவு வரம்பும் இருக்கும். கடையிலிருந்து வரும்போதே 120 நிமிஷம், 5000 மில்லி ஆம்பியர் மணி என்று அமைந்திருப்பது சாதாரணம். 5000 கொள்ளளவுள்ள பேட்டரியை 2 ஆம்பியரில் ஏற்றத் தொடங்குகிறவர், 120 நிமிஷத்தில் 4000-தான் ஏறும் என்பதையும், அப்போது வரம்பு குறுக்கிட்டு வேலையை நிறுத்திவிடும் என்பதையும் யோசிப்பதில்லை. பேட்டரி நிரம்பமாட்டேன் என்கிறது என்று வருந்துகிறார். இன்னொரு சாரார், ஸ்டோரேஜ் என்ற பிரிவில் விரல் பட்டுவிட்டதைக் கவனியாமல், செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் சார்ஜர் முடித்துக்கொள்வதைப் பெரிய குறையாகக் கருதுகிறார்கள். அந்தப் பிரிவு வண்டியைச் சில நாட்கள் ஓட்டாமல் வைக்கப்போகிறவர்களுக்கு உரியது. முழுச் சார்ஜுடன் வாரக்கணக்கில் கிடக்கும் லிப்போ சீக்கிரம் முதுமை அடையும் என்பதற்காக ஏற்பட்டது.

இனித் தொடர்புகள். பேட்டரியிலிருந்து இரண்டு விதமான கம்பிகள் புறப்படுகின்றன: மோட்டாருக்குச் சக்தி தரும் தடித்த சிவப்பும் கறுப்பும் ஒன்று; ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியே சார்ஜருக்குச் சொல்லும் மெல்லிய பேலன்ஸ் கம்பிகள் மற்றொன்று. இரண்டு செல்லுக்கு மூன்று கம்பி, மூன்று செல்லுக்கு நான்கு கம்பி, எப்போதும் செல்லின் எண்ணிக்கையைவிட ஒன்று கூட. தடித்த கம்பியின் கோளாறு சூட்டினால் வெளிப்படும். பிளக்கில் ஈயப்பற்று சரியாக உருகிப் பிடிக்காமல் இருந்தாலும், பழைய வெள்ளைத் தமியா பிளக்கின் உள்ளே இருக்கும் உலோகச் சுருள் தளர்ந்திருந்தாலும், அந்த இடத்தில் தடை உண்டாகிறது. பத்தில் ஒரு பங்கு ஓம் என்பது அற்பமாகத் தோன்றலாம். 5 ஆம்பியர் ஓடும்போது அது அரை வோல்ட்டை விழுங்கிவிடும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பிளக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தாலும், பிளாஸ்டிக் பழுத்திருந்தாலும், சந்தேகத்துக்கு இடமே இல்லை, பிளக்கை மாற்ற வேண்டியதுதான்.

மெல்லிய கம்பியின் கோளாறு இத்தனை வெளிப்படையாக இராது. எதிர்வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரியும் சார்ஜருமாக வந்து நின்றான்.

"மாமா, புது பேட்டரி, ரெண்டே தடவைதான் ஓட்டினேன். சார்ஜர் எரர் காட்டுது. சார்ஜர் அவுட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"சார்ஜரைத் திட்டாதேடா. அது என்ன சொல்லுதுன்னு முதல்ல படிச்சியா?"

படிக்கவில்லை. மறுபடி மாட்டிப் பார்த்தபோது மொத்த வோல்டேஜ் ஒழுங்காக இருக்க, செல்களின் தனி எண்கள் மட்டும் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்துகொண்டிருந்தன. தொடர்பு இல்லை என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. மொத்தம் சரியாகவும் பங்கு தவறாகவும் இருந்தால் நடுக்கம்பியின்மேல் சந்தேகம் விழவேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, வெள்ளை நிறப் பேலன்ஸ் பிளக்கின் ஓரத் துளைக்கும் நடுத் துளைக்கும் இடையே ஊசியைச் சற்று ஆழமாக ஊன்றினால் 3.81, நடுவுக்கும் மறு ஓரத்துக்கும் இடையே 3.80. ஆகவே செல்கள் இரண்டும் சுகமாக இருந்தன. பிளக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் விஷயம் விளங்கிவிட்டது: மூன்று துளைகளிலும் தெரியவேண்டிய உலோகம், நடுத் துளையில் மட்டும் மற்ற இரண்டையும்விட ஒரு மில்லி மீட்டரோ இரண்டோ உள்வாங்கியிருந்தது. பிளக்கைப் பிடித்து இழுக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றுகிறவர்களுக்கு வரும் கோளாறு இது. உலோக முனையைத் தாங்கி நிற்கும் சிறு நாக்கு மடங்கி, முனை பின்வாங்கிவிட, சார்ஜரின் ஊசி அதை எட்டாமல் போகிறது. மரத்தாலான பல்குத்தும் குச்சியைக் கம்பி நுழையும் பக்கமாக விட்டு மெல்ல அழுத்தியதும் 'டிக்' என்ற ஒலியோடு முனை தன் ஸ்தானத்தில் உட்கார்ந்தது, எண்கள் நிலைத்தன. இந்த வேலைக்கு உலோகச் சாமணம் உதவாது. பேலன்ஸ் முனைகளில் எப்போதும் உயிருள்ள மின்சாரம் இருக்கிறது. இரண்டு முனைகள் ஒரு கணம் உரசினாலும் கம்பி சிவந்து புகையும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மல்டிமீட்டர், பல ஆயிரம் கொடுத்து வாங்கிய வண்டி இருக்கும் வீட்டில் இல்லாமலிருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

அடுத்து வருவது மிகவும் அபாயகரமானது: செல்லின் வோல்டேஜ் மிகக் குறைந்துவிட்டது என்று சார்ஜர் மறுப்பது. லிப்போ செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. ஆயினும் அது இறங்குவதற்கு நாம் செய்து வைக்கும் ஏற்பாடுகள் பலவிதம். வண்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிட்டால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது இஎஸ்சி, சொற்ப மின்சாரத்தைச் சப்தமின்றி உறிஞ்சிக்கொண்டே இருக்கக்கூடும். சில வாரங்களில் பேட்டரி வற்றிப்போகும். அல்லது, இஎஸ்சி நிக்கலுக்கு உரிய அமைப்பில் இருக்கும்போது லிப்போவை மாட்டி ஓட்டினால், எந்த வோல்ட்டில் நிறுத்தவேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. டிராக்ஸஸ் வண்டிகளில் வரும் எக்ஸ்எல்-5 இஎஸ்சியில் விளக்கு பச்சையாக எரிந்தால் லிப்போவுக்கான காவல் விழித்திருக்கிறது என்றும், சிவப்பாக எரிந்தால் அது உறங்குகிறது என்றும் பொருள். ஹாபிவிங் நிறுவனத்தின் குயிக்ரன் 1060-இல் அதே தேர்வு ஒரு சிறு ஜம்பரை இடம் மாற்றிச் செருகுவதால் நடக்கிறது. புதிதாக லிப்போவுக்கு மாறுகிறவர், வேறெதைப் பார்க்காவிட்டாலும், இதைப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வாறு வற்றிய பேட்டரிக்கு உயிர் கொடுக்க நம்மிடையே ஒரு தந்திரம் உலவுகிறது: சார்ஜரை நிக்கல் பிரிவுக்கு மாற்றி, சில நிமிஷங்கள் கட்டாயமாக மின்சாரத்தைச் செலுத்தி, வோல்டேஜ் சற்று எழுந்ததும் லிப்போ பிரிவுக்குத் திரும்பிவிடுவது. இதைச் செய்து வெற்றி கண்டவர்கள் உண்டு. அவர்களுடைய சாக்ஷியத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் இதைச் சிபாரிசு செய்ய என் மனம் ஒருபோதும் இடம் கொடாது. நிக்கல் பிரிவில் சார்ஜருக்கு 4.2 என்ற எல்லை கிடையாது. அது எதிர்பார்த்துக் காத்திருப்பது உச்சியை அடுத்து வரும் சரிவை. லித்தியம் செல்லிலோ அந்தச் சரிவு அப்படி வருவதே இல்லை. பக்கத்திலிருப்பவர் தொலைபேசி அழைப்புக்கு எழுந்து போய்ச் சற்று மறந்துவிட்டால், தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் செல் நிரம்பி, நிரம்பியதற்கு மேலும் நிரம்பி, முடிவில் தீயாக மாறும். தவிர, ஆழமாக வற்றிய செல்லுக்குள், எதிர்முனைக்குத் தாங்கலாக இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குத் தொடர்பு உண்டாக்கக்கூடும். வெளியே வோல்டேஜ் எழுந்துவிட்டதால் உள்ளே குணமாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. ஓட்டம் முடிந்த அன்றே 3-க்குச் சற்றுக் கீழே விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தால், லிப்போ பிரிவிலேயே கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு ஆம்பியரில், கண் எடுக்காமல் பார்த்திருந்து ஏற்றிப் பார்க்கலாம், 2.5-க்குக் கீழே போய் நாட்கள் ஆகிவிட்டதென்றால் ஆசையை விட்டுவிடுவதே விவேகம்.

செல்களுக்கு இடையே ஒற்றுமை குலைவதும் சார்ஜரை நிறுத்தும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு இளைத்துவிட்டால், வண்டியின் வேகத்தை நிர்ணயிப்பது இளைத்த மாடுதான் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு செல் லிப்போவிலும் அதே கதை. மொத்தம் 8.4 வோல்ட் என்று திரை காட்டுவது மனத்துக்கு நிம்மதி; ஆனால் அந்த 8.4, இரண்டு 4.2-களாகவும் இருக்கலாம், 4.35-உம் 4.05-உமாகவும் இருக்கலாம், பின்னதில் ஒரு செல் அபாய எல்லையைத் தாண்டிவிட்டது. பேலன்ஸ் பிளக்கை மாட்டாமல் அவசரத்துக்கு ஏற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்க்கவேண்டும். மாட்டி ஏற்றும்போதோ, கடைசிக் கட்டம் முடிவதே இல்லை என்ற சலிப்பு வருகிறது. சிறிய சார்ஜர்கள் செல்களைச் சமன் செய்யப் பயன்படுத்தும் மின்சாரம் 300 மில்லி ஆம்பியர் அளவுதான், ஆகையால் பிளவு பெரிதாக இருந்தால் மணிக்கணக்கு ஆவது இயல்பு. ஒவ்வொரு முறையும் அதே செல்தான் பின்தங்குகிறது என்றால் அது நோய்ப்பட்ட செல்.

பேட்டரி மிகச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, ஓட்டினால் ஐந்து நிமிஷத்தில் படுத்துவிடுகிறது என்பது இதற்கு நேர் எதிரான புகார். இங்கே வோல்டேஜை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. சார்ஜர் முடித்துக்கொண்டதும் எத்தனை மில்லி ஆம்பியர் மணி உள்ளே சென்றது என்று திரையில் ஓர் எண் நிற்கும். அநேகர் அதைப் பாராமலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். நன்றாக ஓட்டித் தீர்த்த 5000 கொள்ளளவுப் பேட்டரியில் 2500-தான் ஏறியது என்றால், அதன் ஆயுள் பெருமளவு கழிந்துவிட்டது, உள்தடை பெருகிவிட்டது. சார்ஜரை மாற்றுவதால் இழந்த இளமை திரும்பாது.

நிக்கல் பேட்டரியின் சங்கடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெடுநாள் கிடந்த பேட்டரியை மாட்டியதும் சில நிமிஷத்தில் நிரம்பிவிட்டது என்று சார்ஜர் அறிவித்தால், அது பொய் உச்சி. நீண்ட உறக்கத்திலிருந்து எழும் செல்லின் வோல்டேஜ் தொடக்கத்தில் தடுமாறுவதைச் சரிவு என்று எண்ணி அது ஏமாந்துவிட்டது. மறுபடியும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தளர்ந்த பிளக்கும் இதே மாயத்தைச் செய்யும். மாறாக, பயந்து பயந்து மிகக் குறைந்த ஆம்பியரில் ஏற்றினால் உச்சிக்குப் பின் வரும் சரிவு அவ்வளவு மெலிதாக இருக்கும், சார்ஜர் அதைக் கவனியாமலே போய் பேட்டரியைச் சுட வைத்துவிடும். 3000 கொள்ளளவுக்கு ஒன்றரையிலிருந்து 3 ஆம்பியர் வரை வைப்பது நலம். பெட்டியோடு வந்த சுவர்ச் சார்ஜர் 300 மில்லி ஆம்பியர் தருவதாக இருந்தால், கணக்குப்படி பத்து மணி, நடைமுறையில் வீணாவதையும் சேர்த்துப் பதினான்கு மணி. இதில் கோளாறு ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். ஏற்றி முடித்த ஆறு செல் பேட்டரி 8.4 வோல்ட்டை ஒட்டி நிற்காமல் 7-ஐ ஒட்டி நின்றால் மட்டும் ஒரு செல் இறந்துவிட்டது என்று அறியலாம்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியத்தை 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஏற்றலாகாது என்பது பொது விதி. அக்கினி நட்சத்திரத்தில் மைதானத்தில் ஓட்டிவிட்டு, மோட்டார் சூட்டையும் சேர்த்து வாங்கிய பேட்டரியைக் கையோடு சார்ஜரில் மாட்டும் அவசரம் நம்மவர்களிடம் அதிகம். நிழலில் வைத்து, உள்ளங்கைக்குச் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, பிறகு சிமென்ட் தரையில், மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத இடத்தில் வைத்து ஏற்றவேண்டும். ஏற்றும்போது வீட்டில் விழித்திருக்கும் மனிதர் ஒருவராவது இருக்கவேண்டும்.

உப்பிவிட்ட லிப்போவைப் பற்றி இனி விசாரணை கிடையாது. உள்ளே திரவம் சிதைந்து வாயு உண்டாகியிருக்கிறது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுகிறேன் என்று கிளம்புகிற வீரர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வெட்டவெளியில் வைத்து, இரு சக்கர வாகனத்தின் 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தடித்த கம்பிகளில் இணைத்து, ஒளி மங்கி அணையும் வரை வற்றவிடலாம். உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழைய வழக்கம் முனைகளை அரித்துவிடுமே தவிர உள்ளிருக்கும் மின்சாரம் முழுதும் போய்விட்டதற்கு உத்தரவாதம் ஆகாது. வற்றியதைக் குப்பைத் தொட்டியில் எறியவேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சிறு பேட்டரிகளையும் உள்ளடக்கியவை, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துபவை. முனைகளில் தனித்தனியே இன்சுலேஷன் டேப் சுற்றி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில், இது உப்பியது என்று வாயால் சொல்லி ஒப்படையுங்கள்.